நாற்பத்தெட்டு அடி

பக்கிரிசாமியை வீட்டுக்கு வெளியே கொண்டுவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் இருந்தவை மூன்றே படிகள். சர்க்கரை நோயில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு, அவரை வீட்டுக்குள் நிறுத்தி வைக்க அந்த மூன்று படிகளே போதுமானதாக இருந்தன. அடுத்த வீட்டுப் பிச்சை சக்கர நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடிப்பார், எதிர் வரிசைத் தேவன் முன்பக்கத்தைத் தூக்குவான். பக்கிரிசாமி இருபத்தெட்டு வருடம் செம்பனைக் குலை வெட்டிய மனிதர். முப்பதடி உயரத்துக் குலையைக் கீழே நின்றபடியே நீளக் கழி அரிவாளால் அறுத்துத் தள்ளியவர். இரண்டு பேர் தன்னைத் தூக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

செயற்கைக் கால் பொருத்தலாம் என்று முதலில் சொன்ன டாக்டர், இடது காலிலும் உணர்ச்சி குறைந்து வருவதைப் பார்த்துவிட்டு நாற்காலியையே நம்பச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் பக்கிரிசாமி மனைவியிடம் ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறு எதற்கும் இனித் தன்னைத் தூக்கக் கூடாது. அதன் பிறகு கல்யாணம், கோயில் திருவிழா, கருமாதி என்று எதற்கும் போகவில்லை. ஏழு மாதம் ஓடிவிட்டது.

இந்த நிலையில்தான் வீடு கட்டும் பேச்சு வந்தது. தோட்டம் கைமாறியிருந்தது. அடுத்த வருடத் தீபாவளிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று புது நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது. பெண்டாங் டவுனுக்குச் சற்று வெளியே, நெல்வயலை ஒட்டி, அழகம்மா சில வருடங்களுக்கு முன்பே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தாள். சாலையோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே தோசையும் நாசி லெமாக்கும் விற்றுச் சேர்த்தது. நிலம் அவள் பேரில் இருந்தது. வீட்டை யார் வரைவது என்பதையும் தானே பார்த்து முடிவு செய்வதாக இருந்தாள்.

மகன் வசந்தன் அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டான். கூலிமில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, காளிதாசனைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். காளிதாசன் பிளான் வரைபவர். பெண்டாங்கில் நம்மவர்கள் கட்டிய வீடுகளில் பாதி அவர் கையெழுத்துப் போட்டு நகராட்சி மஜ்லிஸுக்குப் போனவை. கக்கத்தில் காகிதச் சுருளை நனையாமல் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

அழகம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கையும் சம்பலையும் வைத்து, காப்பி ஊற்றினாள். காளிதாசன் தரையில் காகிதத்தை விரித்தார்.

"மூணு ரூம், ஒரு ஹால், பின்னாடி அடுப்படி. எல்லாம் தரையோட தரை, தங்கச்சி. ஒரு படி கிடையாது. அண்ணன் நாற்காலிய தள்ளுனா ரோட்டுக்கே போயிடலாம்."

"தண்ணி வந்தா?"

"என்னா தண்ணி?"

"பஞ்சிர் வெள்ளம்ண்ணே. போன நவம்பர்ல அங்க போயி பார்த்தேன். பக்கத்து வயக்காரரு ஹாஷிம் பாக் சிக், அவரு வீட்டுத் தூண்ல கோடு காட்டுனாரு. என் இடுப்புக்கு வருது."

"அது எப்பயோ ஒரு தடவ வர்றது. ரெண்டு நாள்ல எறங்கிடும்லா."

"ரெண்டு நாளு இவர எங்க கொண்டு போயி வைக்கிறது? அலமாரி மேலயா?"

வசந்தன் சிரித்துவிட்டான். காளிதாசன் சிரிக்கவில்லை. ஆனால் பேச்சை ஏற்றுக்கொண்டு போனார். அடுத்த முறை வந்தபோது வீட்டை நான்கடி உயர்த்தி வரைந்திருந்தார். முன்னால் அகலமான ஏழு படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி, பார்க்க நன்றாகவே இருந்தது. சக்கர நாற்காலிக்குப் பின்பக்கம் ஒரு சரிவுப்பாதை.

"இது என்னாண்ணே, இவ்வளவு செங்குத்தா இருக்கு?"

"எடம் இல்ல தங்கச்சி. பின்னால ஒரு ஆளு தள்ளுனா ஏறிடும்."

அதுவரை சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பக்கிரிசாமி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"அப்ப முன்வாசல் எனக்கு எப்போ? செத்தப்புறம் தூக்கிக்கிட்டு எறங்கவா?"

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. காளிதாசன் காகிதத்தைச் சுருட்டினார்.

நடுவில் பினாங்கிலிருந்து ஒருவர் வந்தார். வசந்தனின் மேலாளர் சொல்லி அனுப்பிய ஆர்க்கிடெக்ட். கணினித் திரையில் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். வீட்டுக்கு முன்னால் ஒரு நாயும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் நின்றார்கள். நாற்காலியோடு ஆளை மேலே ஏற்ற, பொத்தானை அமுக்கினால் போகும் ஒரு மேடையை வைத்திருந்தார்.

"தண்ணி வந்தா மொதல்ல கரண்டத்தான் வெட்டுவாங்க. அப்ப?" என்று அழகம்மா கேட்டாள்.

ஜெனரேட்டர் வைக்கலாம் என்றார் அவர். அழகம்மா அவருக்கு நாசி லெமாக் நான்கு பொட்டலம் கட்டிக் கொடுத்து வழியனுப்பினாள்.

பிரேமினியை அவள் தேடிப் போகவில்லை. அந்தப் பெண்தான் தோசை சாப்பிட வந்தாள். ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்காக வாரம் இரண்டு முறை அந்தச் சாலையில் போவாளாம். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். சேற்றுக் காலணியோடு பெஞ்சில் உட்கார்ந்து, தோசையைப் பிய்த்தபடி போனில் யாரையோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சாக்கடையை ஆறு அங்குலம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், உடைத்துவிட்டு மறுபடி போடு என்கிறாள். எதிர்முனைக்காரன் என்னவோ சொல்லச் சொல்ல, குரல் உயராமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அவன்தான் இறங்கி வந்திருக்க வேண்டும். "நன்றி, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று போனை வைத்தாள்.

அழகம்மா தோசைக்கல்லைத் துடைத்துவிட்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"என்னா வேல செய்றீங்கம்மா?"

ஆர்க்கிடெக்ட் என்றாள். அலோர்ஸ்டாரில் மெர்கோங் கடைவரிசைக்கு மேலே ஒரு சின்ன ஆபீஸ். அப்பா தயாநிதி அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தமிழைக் கொஞ்சம் நிதானித்துத்தான் பேசினாள், கையிலிருப்பதை எண்ணிக் கொடுப்பவள் போல.

"நாலு அடி ஒசரத்துல வீடு வேணும். ஆனா ஏறக் கூடாது. முடியுமா?"

பிரேமினி தோசையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "யாருக்கு ஆன்ட்டி?"

அந்த வாரமே லயத்து வீட்டுக்கு வந்தாள். காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை, அளவு நாடா மட்டும். நாற்காலியின் அகலத்தை அளந்தாள். கழிவறைக் கதவை அளந்தாள். பக்கிரிசாமியிடம் கையை நீட்டச் சொல்லி, எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினார்.

"அங்கிள், ஒரு மூச்சில எவ்வளவு தூரம் நீங்களே தள்ளுவீங்கள்?"

"எவ்வளவு வேணும்னாலும்."

"கடைசியா எப்ப தள்ளினீங்கள்?"

பக்கிரிசாமி நாற்காலியைத் திருப்பி அறைக்குள் போய்விட்டார். சக்கரம் நிலையில் இடித்தது. அழகம்மாவுக்குச் சுருக்கென்றது. "அவருக்கிட்ட அப்படிலாம் கேக்காதீங்கம்மா" என்றாள் தாழ்ந்த குரலில்.

"கேட்டுத்தான் ஆகவேணும் ஆன்ட்டி. வீடு அவருக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து வரைபடத்தோடு வந்தாள். வீட்டின் பக்கவாட்டில், சாலையிலிருந்து முன்வாசல்வரை நீண்ட சரிவுப்பாதை. முன்னால் படிகளும் இருந்தன. இரண்டும் ஒரே வாசலில் போய் முடிந்தன. காளிதாசனுடையதைவிட எவ்வளவோ மேல். வசந்தன்கூட, "இது ஓகேமா" என்றான்.

அழகம்மா வெகுநேரம் பார்த்தாள். தோட்டத்துக் கோயிலுக்குக் குடும்பமாகப் போனால், மற்றவர்கள் படியேறிய பிறகு அவர் மட்டும் கீழே நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

"வேணாம்மா" என்றாள்.

வசந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மா, இன்னும் என்னாமா?"

"படி இருந்தா எல்லாரும் படியிலதான் ஏறுவாங்க. வர்றவங்க செருப்ப கழட்டிட்டு மடமடன்னு மேல போயிடுவாங்க. இவரு மட்டும் தனியா சுத்தி வருவாரு. மேல நின்னுக்கிட்டு எல்லாரும் இவரு வர்றதயே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அது வேணாம்."

ஒரு ஆளிடம் 'வேண்டாம்' என்று சொன்னால் முகம் எப்படிப் போகிறது என்பது அழகம்மாவுக்குத் தெரியும். இருபது வருடமாகச் சாம்பார் தீர்ந்துபோச்சு, வடை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தவள். காளிதாசன் முகம் சுண்டியது. பினாங்குக்காரர் சிரித்துக்கொண்டே கேட்காமல் இருந்தார். இந்தப் பெண் கீழே குனிந்து, பையிலிருந்து பென்சிலை எடுத்து, படிகளின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பிறகு இன்னொரு கோடு.

"நான் யோசிக்கேல்லை. படியே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே வழி."

அழகம்மாவுக்கு அந்த இடத்திலேயே மனம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"சரி, அந்த ராம்ப் கொஞ்சம் கொறைங்க. இருபது இருபத்தஞ்சு அடி போதும்லா. மிச்ச எடத்துல வசந்தனுக்கு ஒரு ரூம் வந்துரும். அடுத்த வருசம் கட்டிக்கப் போறான்."

"முடியாது ஆன்ட்டி."

"என்னா முடியாது?"

"ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேணும். நாலு அடிக்கு நாற்பத்தெட்டு. குறைச்சா அங்கிளைப் பின்னால ஒராள் தள்ளவேணும். அது வேணுமெண்டா வேற ஆளைப் பாருங்கள். நான் வரைஞ்சு தரமாட்டன்."

வசந்தனின் முகம் சிவந்தது. "அப்ப நான் எங்க படுக்கிறது? காளிதாசன் அங்கிள்ட்ட நான் வாக்கு குடுத்துட்டேன்மா. இவங்க ஃபீஸும் கூட, ரூமும் ஒண்ணு கொறையுது. நியாயமா இது?"

"அப்பாகிட்ட கேளு" என்றாள் அழகம்மா.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாப்பத்தெட்டு அடின்னா எவ்ளோ தூரம்?"

சனிக்கிழமை பிச்சையும் தேவனும் வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு இல்லாமல் வேறொன்றுக்காகப் பக்கிரிசாமி படியிறங்கியது அன்றுதான். கண்ணை அன்றும் மூடித்தான் இருந்தார். பிச்சையின் வேனில் நிலத்துக்குப் போனார்கள். அறுவடை முடிந்த வயல் காய்ந்து, தாள் எரித்த கரி வாசனை காற்றில் இருந்தது. கொக்குகள் தாள்கட்டைகளுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருந்தன. பிரேமினி முன்பே வந்து, சாலையிலிருந்து நிலத்துக்குள் நாற்பத்தெட்டு அடிக்கு ஆப்பு அடித்து, சிவப்பு ரஃபியா கயிறு கட்டியிருந்தாள். செம்மண் கொட்டி, ஒட்டுப்பலகை போட்டு, நாற்காலி உருளும்படி தளமாக்கியிருந்தாள். சரிவு இல்லாத வெறும் தரை. நீளம் மட்டும் சரியான நீளம்.

"தொடுங்க யாராச்சும், அப்புறம் இருக்கு" என்றார் பக்கிரிசாமி. தள்ளத் தொடங்கினார்.

முதல் பதினைந்து அடி வேகமாகப் போனது. தோள்கள் பழைய வேலைக்காரனின் தோள்கள்தான். இருபதில் மூச்சு வாங்கியது. பலகை பொருந்திய இடத்தில் சக்கரம் தட்டி நின்று, மறுபடி ஏறியது. முப்பதடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. அழகம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், தன்னை மீறி அது நாற்காலிப் பக்கம் போய்விடும் என்று பயந்து.

பிரேமினி கிட்டே போய் அந்த இடத்தில் பலகையோர மண்ணில் செருப்பால் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்க ஒரு சமதளம் விடுறன், அங்கிள். எட்டடிக்கு எட்டடி. மேல கூரை, ஓரத்தில பெஞ்ச். வர்ற எல்லாரும் இங்க நிப்பினம். வயலைப் பார்ப்பினம், உட்காருவினம்."

"நான் மூச்சு வாங்க நிக்கிறேன்னு தெரியாது?"

"தெரியாது. நீங்கள் காத்து வாங்குறீங்கள் எண்டு நினைப்பினம்."

பக்கிரிசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிச்சமிருந்த பதினெட்டு அடியையும் தள்ளி முடித்தார். கடைசி ஆப்பைத் தாண்டி, தேவையில்லாமல் இன்னும் இரண்டு முழம் போனார்.

காளிதாசனிடம் போய்ச் சொல்லும் வேலையை அழகம்மா மகனிடம் விடவில்லை. கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளே போனாள். அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். விசிறி சுற்ற, மேசையில் காகிதங்கள் படபடத்தன.

"அண்ணே, வேற ஒரு பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். நீங்க ரெண்டு தடவ வரைஞ்சதுக்கு என்னான்னு சொல்லுங்க, குடுத்துடுறேன்."

காளிதாசன் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தன வருசப் பழக்கம். மகன் வந்து சொன்னான், நம்பி இருந்தேன்."

"அவன் சொன்னது தப்பு. நான் சொல்லணும், நான் சொல்லல. அதான் நேர்ல வந்தேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். சின்னப் பெண், கான்ட்ராக்டர்கள் ஏமாற்றிவிடுவார்கள், மஜ்லிஸில் யாரையும் தெரியாது என்று ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அழகம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்து போகவும் இல்லை, முடிவை மாற்றவும் இல்லை. கடைசியில் அவர், "எங்க, அப்படி என்னாதான் வரைஞ்சிருக்கு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எனக்கு இது தோணாமப் போச்சு" என்றார். பிறகு விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். "இங்க பாரு. இந்தப் பக்கம் வயலுக்குத் தண்ணி விடுற வாய்க்கா இருக்கு. அதுக்குப் பக்கத்துல இவ்வளவு தூரம் எதையும் கட்டக் கூடாது. இப்படியே குடுத்தா, ராம்ப்ப மஜ்லிஸ்காரன் பாதியில வெட்டச் சொல்லுவான். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. இல்ல, நம்பரக் குடு. நானே பேசுறேன்."

அன்று மாலை பிரேமினி அழகம்மாவைப் போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அவர் சொன்னது சரி. நான் கவனிக்கேல்லை. பாதையை ஒருக்கால் வளைச்சு வரைய வேணும். ஒரு கிழமை தாங்கோ." தன் தவற்றைச் சொல்ல அவள் சுற்றி வளைக்கவில்லை. அழகம்மா அரிசியை ஊறப்போட்டுக்கொண்டே, "பத்து நாளு எடுத்துக்கோம்மா" என்றாள். அவளைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று அந்த நேரத்தில் நினைத்த அளவுக்கு அதற்கு முன் நினைத்ததில்லை.

கையெழுத்துப் போடும் நாளில் பக்கிரிசாமி வரைபடத்தைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். வசந்தனும் வந்திருந்தான். உம்மென்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கிரிசாமி விரலைச் சாலையிலிருந்து மெல்ல நகர்த்தினார். திருப்பத்தில் நிறுத்தினார். வாசலுக்குப் போனார். ஹால், இரண்டு அறை, அடுப்படி. பின்கதவில் விரல் நின்றது.

"இங்க என்னா இருக்கு?"

"கதவு மட்டும்தான், அங்கிள்."

"கதவத் தொறந்தா நாலடி பள்ளமா? அங்க படி வைங்க. ஏழு படி."

பிரேமினிக்குப் புரியவில்லை. "படி வேண்டாமெண்டுதானே... யாருக்கு, அங்கிள்?"

"இவனுக்கு" என்று மகனைக் காட்டினார். "காலு உள்ளவன் பின்வாசல்ல வரட்டும்."

வசந்தன்தான் முதலில் சிரித்தான். அடக்க முடியாமல், முழங்காலில் குத்திக்கொண்டு சிரித்தான். பக்கிரிசாமி சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், குலுங்கினார். அழகம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எண்ண அவளுக்கு விருப்பமில்லை.

"ஹாலக் கொஞ்சம் பெருசாப் போடுங்க சிஸ்டர்" என்றான் வசந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் அங்கயே படுத்துக்கிறேன்."

அழகம்மா கையெழுத்துப் போட்டாள்.

வீடு அடுத்த ஆண்டு அக்டோபரில் எழும்பி நின்றது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே குடிவந்தார்கள். நவம்பர் கடைசியில், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, வயலும் சாலையும் தெரியாமல் தண்ணீர் வந்தது. காலையில் பிரேமினி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, தண்ணி எவ்வளவு?"

"ரெண்டரை அடிம்மா. மேல ஒண்ணற அடி இன்னும் நமக்குத்தான் இருக்கு. நீ பயப்படாத, நான் சம்பல் கிண்டிக்கிட்டு இருக்கேன்."

கடை போட வழியில்லை. ஆனாலும் வழக்கம்போல அரிசி போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, நாசி லெமாக் ஆக்கியிருந்தாள். பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஆள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஹாஷிம் பாக் சிக் சிறு படகைத் துடுப்பால் துழாவிக்கொண்டு வந்திருந்தார். கூடவே அவர் மனைவி, இரண்டு கோழிக்கூடை. படகின் மூக்கு நேராகச் சரிவுப்பாதையில், தண்ணீர் முடிகிற இடத்தில், வந்து உரசி நின்றது. துறையில் கட்டுவதுபோலக் கைப்பிடிக் கம்பியில் கயிற்றைக் கட்டினார்.

"சாமி! தே அடா?" என்று மலாயில் கத்தினார், தேநீர் இருக்கிறதா என்று.

"அடா, அடா!" என்றார் பக்கிரிசாமி உள்ளேயிருந்து. "அழகு, தேத்தண்ணி ஃபிளாஸ்க்க குடு. ரெண்டு பொட்டலமும் வை."

"இருங்க, நான் கொண்டு போறேன். ஈரமா இருக்கு."

"குடு."

கொடுத்தாள். அவர் மடியில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். திருப்பத்தில் நின்று சக்கரத்தைப் பிடித்து நிதானித்தார். பிறகு நனைந்த சிமெண்டில் மெதுவாக, கையால் தடுத்துத் தடுத்து இறங்கினார். தண்ணீர் விளிம்பில், முன்சக்கரம் நனைகிற இடத்தில், பிரேக்கைப் போட்டார். குனிந்து, முழுக்கை நீட்டி, ஃபிளாஸ்க்கைப் படகுக்குள் கொடுத்தார்.

அழகம்மா வாசலில் நின்று பார்த்தாள். அடுப்பில் சம்பல் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் உள்ளே போய்க் கிளறினாள்.